உடைந்த குடத்தில் சகுனம் பார்க்கலாமா?

நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் ஒரு புதுவகைச் சோதிடம் ஓசையின்றிப் புகுந்து குடியேறிவிட்டது. இதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை; கைரேகையும் கிளியும் வேண்டியதில்லை. பேருந்து தவறினால் போதும். பால் பொங்கி வழிந்தால் போதும். பீரோச் சாவி தொலைந்தால் போதும். உடனே அதில் ஓர் இறைச்செய்தி கண்டெடுக்கப்படுகிறது. அன்பியக் கூட்டத்தில் அது சாட்சியாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஞாயிறு மறையுரையில் அது எடுத்துக்காட்டாக உயர்வு பெறுகிறது. ஆண்டு முடிவதற்குள் யாரோ ஒருவருடைய தியானக் கையேட்டில் அச்சேறியும் விடுகிறது.

அன்றாட வாழ்வின் சிறு இடர்களிலிருந்து ஞானம் பெறுவதே தவறு என்று நாம் வாதிட வரவில்லை. அப்படி வாதிட்டால் நற்செய்தி நூல்களின் பாதிப் பக்கங்களை மூடிவைக்க நேரும். கிழிந்த ஆடை, வெடித்த தோற்பை, எண்ணெய் தீர்ந்த விளக்கு, நள்ளிரவில் அப்பமில்லாத வீடு ஆகிய இவற்றிலிருந்துதானே ஆண்டவர் இயேசு விண்ணரசைப் பற்றிப் பேசினார்? ஆனால் இன்று நம்மிடையே பரவிவரும் பழக்கம் அவர் காட்டிய வழியைச் சேர்ந்ததன்று. நிகழ்ந்த இடரை ஒரு மூடிய கடிதமாகவும், தன்னை அதன் ஒரே முகவரியாளராகவும் கொண்டு, அதைப் பிரித்துப் படிக்க முற்படுவது இது. இப்படிப் படிக்கும்போது அருகில் நிற்கும் மனிதர் மறைந்துபோகிறார். இதனைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

மிகுதியாகச் சொல்லப்படும் சாட்சியொன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பேருந்தைத் தவறவிடுகிறார், மனம் சலிக்கிறார். அந்தப் பேருந்து வழியில் விபத்துக்குள்ளாகிறது. தம்மைக் காக்கவே ஆண்டவர் தமக்குத் தாமதம் தந்தார் என்று அவர் கண்ணீர் மல்கக் கூறுகிறார். உயிர் பிழைத்தவர் நன்றி கூறுவது இயல்பு. அந்த நன்றியை நாம் பழிக்கவில்லை. ஆனால் அக்கதை மேடையேறிப் பாடமாக மாறும்போது ஒரு கேள்வி எழுகிறது. குறித்த நேரத்தில் நிறுத்தத்திற்கு வந்து, பேருந்தில் ஏறி, உயிரிழந்தவரை ஆண்டவர் நேசிக்கவில்லையா? அன்று விடியலில் செபமாலை சொல்லிவிட்டுப் புறப்பட்ட ஒரு தாயும் அதில் இருந்திருக்கலாம் அல்லவா? அவருடைய பிள்ளைகள் அதே ஆலயத்தில், அதே சாட்சியைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தால், அவர்கள் காதில் விழும் நற்செய்தி என்ன?

சகுனத்திற்குத் திருமுழுக்கு

பூனை குறுக்கே ஓடினால் திரும்பிவிடுவது, தும்மல் கேட்டால் பயணத்தை ஒத்திவைப்பது, விளக்கு அணைந்தால் வீட்டிற்குக் கேடு என்று நடுங்குவது ஆகியன நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள். இவற்றை விட்டொழிக்க வேண்டுமென்று மறைப்பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் போதித்தார்கள். அதற்குத் தக்க காரணமும் இருந்தது. சகுனம் என்பது அறிவுக்குப் பொருந்தாத நம்பிக்கை மட்டுமன்று. அது யாரையாவது குற்றவாளியாக்காமல் அமைதியடையாது. கணவனை இழந்த பெண் எதிரே வருவதையே கெட்ட சகுனமாக்கி, திருமண வீட்டின் மூலையில் அவளை ஒதுக்கிவைத்தது அந்த நம்பிக்கைதான். பிறர் துயரத்தைத் தன் பயணத்திற்கான குறிப்பாக வாசிப்பவன், அத்துயரத்தில் பங்குகொள்ள இயலாதவனாகிறான்.

1992ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சோதிடம், கைரேகை ஆகியவற்றோடு சகுனங்களுக்குப் பொருள் கூறுவதையும் சேர்த்தே விலக்கி வைக்கிறது. நாமோ முன்வாசலில் விரட்டியதைப் பின்வாசல் வழியே அழைத்துவந்து, அதற்குத் திருமுழுக்குக் கொடுத்து, ஒரு புனிதரின் பெயரையும் சூட்டி வைத்திருக்கிறோம். பூனைக்குப் பதில் பஞ்சரான சக்கரம். தும்மலுக்குப் பதில் பாதியில் அறுந்துபோன தொலைபேசிப் பேச்சு. செபமாலை கையிலேயே அறுந்துவிட்டது, அதனால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நிச்சயித்த திருமணத்தைத் தள்ளிப்போடும் மனநிலைக்கும் பல்லி சொல்லிற்று என்று நிறுத்தும் மனநிலைக்கும் வேறுபாடு எங்கே உள்ளது?

இந்தப் பேதைமையை நம் மண்ணில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஒருவரே பதினெட்டாம் நூற்றாண்டில் நகைத்துக் காட்டினார். தேம்பாவணி பாடிய அதே வீரமாமுனிவர்தாம் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். அக்கதையில், தான் அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறான் ஒரு சீடன். அவ்வழியே வந்த புரோகிதர், நீ விழுவாய் என்கிறார். அவன் விழுகிறான். உடனே அவரை முக்காலமும் உணர்ந்தவராக எண்ணி, தன் குருவின் மரணம் எப்போது என்று கேட்கிறான். அமரும் இடம் குளிர்ந்தால் முடிவு நெருங்கிற்று என்று அவர் சொல்லிவைக்க, பிற்பாடு தம் உடலில் குளிர் படும்போதெல்லாம் குருவும் சீடரும் மரணத்தைக் கண்டு நடுங்குகின்றனர். கிளையை வெட்டினால் விழுவோம் என்பது மரத்தைப் பற்றிய அறிவு. அதை மறைபொருளாக்கியது சீடனின் மடமை. படித்துச் சிரித்த நாம், அந்தச் சீடர் கூட்டத்தில் நமக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கத் தவறலாகாது.

எங்கே விழுந்தது?

விவிலியம் இத்தகைய சிறு இடர்களை எப்படிப் பார்க்கிறது? அரசர்கள் இரண்டாம் நூலின் ஆறாம் அதிகாரத்தில், மிகச் சிறிய ஒரு விபத்து எழுதப்பட்டுள்ளது. இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர்கள் தங்குமிடம் கட்டுவதற்காக யோர்தான் கரையில் மரம் வெட்டுகிறார்கள். ஒருவருடைய கோடரியின் இரும்பு கழன்று தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அவர் அலறுகிறார், காரணம், அது இரவல் கோடரி. ஏழைக்கு இரும்பின் விலை தெரியும். இரவல் தந்தவரின் முகமும் நினைவுக்கு வரும்.

அருகில் நின்றவர் எலிசா. சிறந்ததொரு மறையுரைக்கு இதனினும் வாய்ப்பான தருணம் உண்டா? இரவல் பொருளில் நம்பிக்கை வைத்ததன் விளைவைப் பற்றிப் பேசியிருக்கலாம். பிடியை விட்டு நழுவும் இரும்பைப் போல இறைவனைவிட்டு நழுவும் ஆன்மாவைப் பற்றி மூன்று தலைப்புகளில் விரித்திருக்கலாம். இறைவாக்கினர் அவை எதையும் செய்யவில்லை. அது எங்கே விழுந்தது என்று மட்டும் கேட்டார். இடத்தைக் காட்டியதும் ஒரு கொம்பை வெட்டி எறிந்தார், இரும்பு மிதந்தது, எடுத்துக்கொள் என்றார். அம்மனிதர் கைநீட்டி எடுத்துக்கொண்டார். அவ்வளவில் நிகழ்ச்சி முடிகிறது. கடவுளின் வல்லமை ஒரு கூலியாளின் கடன் கவலை வரை இறங்கிவருகிறது என்பதே அங்குள்ள அருள்மொழி. அதைச் சொல்லக்கூட எலிசா வாய் திறக்கவில்லை.

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்துப் பெண்ணும் இதே வழியில் நடக்கிறாள். பத்து வெள்ளி நாணயங்களில் ஒன்று காணவில்லை. நாணயம் தொலைந்ததால் ஆண்டவர் தனக்கு உணர்த்துவது யாது என்று அவள் திண்ணையில் அமர்ந்து ஆராயவில்லை. விளக்கை ஏற்றினாள், வீட்டைப் பெருக்கினாள், கண்டுபிடிக்கும்வரை தேடினாள், கண்டபின் அண்டை வீட்டாரை அழைத்து மகிழ்ந்தாள். அந்தத் தேடலில்தான் இயேசு விண்ணகத்தின் சாயலைக் கண்டார். நாணயத்தை உருட்டிவிட்டவர் கடவுள் என்று அவர் சொல்லவில்லை. தொலைந்ததைத் தேடுகிறவர் கடவுள் என்றார். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் நம் வாதம் முழுவதும் புரிந்துவிடும்.

கானாவூர் மணவீட்டில் திராட்சை இரசம் தீர்ந்ததும் அவ்வாறே. விருந்து நடத்தத் தெரியாத குடும்பத்திற்கு அன்னை மரியா அறிவுரை கூறவில்லை. குறையைக் கண்டார், மகனிடம் சொன்னார், பணியாளரை அவரிடம் திருப்பினார். அந்த வீட்டாரின் மானம் காப்பாற்றப்பட்டது.

பெரிய விபத்தைப் பற்றியும் ஆண்டவரிடம் கருத்துக் கேட்கப்பட்ட வேளை உண்டு. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தியை அவரே நினைவூட்டுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் கூடுதல் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே தீர்க்கமாக மறுக்கிறார். அதன்பின் மனமாறும்படி எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கை உயிரோடிருந்து கேட்டவர்களுக்கானது. இறந்தவர்களின் மீது எழுதப்பட்ட தீர்ப்பன்று. பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் பொருள் தேடினார்கள். ஆண்டவர் அந்த ஆராய்ச்சியை முறித்துவிட்டுத் தரையில் உமிழ்ந்து சேறு குழைத்தார். விளக்கம் தேடியவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். அவர் அந்த மனிதரின் கண்களைத் தொட்டார்.

சிட்டுக்குருவி விழுவதில்லையா?

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். தந்தையை விட்டு ஒரு சிட்டுக்குருவிகூடத் தரையில் விழாது என்றும், தலைமுடியெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்றும் ஆண்டவரே சொல்லியிருக்க, நிகழ்வதனைத்திலும் இறைவனின் கரம் இருக்கிறது என்று நம்புவது விசுவாசம் அல்லவா என்பார்கள். விசுவாசமே. இறைப்பராமரிப்பை மறுப்பவன் கிறிஸ்தவன் அல்லன். ஆனால் அந்த வாக்கை முழுவதும் கேட்க வேண்டும். குருவி விழவே விழாது என்று ஆண்டவர் உறுதி தரவில்லை. விழும்போதும் தந்தை அதைவிட்டு அகலுவதில்லை என்றார். அஞ்சாதீர்கள் என்பதே அங்கு அவர் தந்த போதனை. குருவி விழுந்த திசையைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பதன்று.

அக்குவினா நகர்த் தோமையார் தம் இறையியல் தொகுப்பில் இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டுத் தருகிறார். தலைவர் ஒருவர் இரு பணியாளரை, ஒருவரையொருவர் அறியாமல், ஒரே இடத்திற்கு அனுப்புகிறார். அவர்கள் சந்திப்பது அவர்களுக்குத் தற்செயல். தலைவருக்கு முன்னறிந்த செயல். எதுவும் இறைத்திட்டத்திற்கு வெளியே இல்லை என்பதை விளக்கவே புனிதர் இதைக் கூறினார். நாம் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறோம். அந்தப் பணியாளர்கள் சந்தித்த இடத்திலேயே நின்றுகொண்டு, தலைவர் நம்மைச் சேர்த்துவைத்த மறைபொருள் என்ன என்று ஊகித்துக்கொண்டிருந்தால், அவர்கள் அனுப்பப்பட்ட வேலை என்னாவது? திட்டம் தலைவருடையது, பணி பணியாளருடையது.

படைப்புகள் தாமே காரணங்களாய் அமைந்து செயல்படும் மாண்பைக் கடவுள் அவற்றுக்குத் தந்திருக்கிறார் என்பதும் திருச்சபையின் போதனையே. விளிம்பில் விரிசல் விழுந்த குடம் உடையும். பாசி படிந்த படி வழுக்கும். ஆலயத்தின் தேய்ந்த படியில் வயது முதிர்ந்த ஒருவர் இடறி விழுந்தால், முழங்காலில் நிற்க ஆண்டவர் நினைவூட்டுகிறார் என்று பொருள் கூறுவது எளிது. ஆனால் படி தேய்ந்தே கிடக்கும். அடுத்த வாரம் இன்னொருவர் விழுவார். அந்தப் பங்கிற்கு அப்போது தேவைப்படுவது ஒரு கொத்தனாரும் இரண்டு சட்டி சிமெண்டுக் கலவையும். அதைச் செய்விக்கும் பங்குப்பேரவை, பொருள் விளக்கம் கூறும் பேச்சாளரைவிடத் தெளிவாக ஆண்டவரின் குரலைக் கேட்டிருக்கிறது என்போம்.

பிலயாமின் கழுதையை நினைவூட்டி நம்மை மடக்க நினைப்போரும் உண்டு. அங்கே வழித்தடங்கலே வானதூதரின் எச்சரிக்கையாய் இருந்ததல்லவா என்பார்கள். நன்று, எண்ணிக்கை நூலின் 22ஆம் அதிகாரத்தைத் திறந்து படிக்கட்டும். கழுதை வழி விலகியது, பின் பிலயாமின் காலைச் சுவரோடு நெருக்கியது, பின் படுத்துவிட்டது. மூன்று முறையும் அவர் அதை அடித்தார். அதன் வாய் திறக்கப்பட்டபோது அது பயணத்தின் மறைபொருளை விளக்கவில்லை. தன்னை மூன்று முறை அடித்ததற்குக் காரணம் கேட்டது. வானதூதர் தோன்றியபோது அவரும் முதலில் கேட்டது அதையே. ஆக, இடரில் செய்தி இருந்த அந்த அரிய நிகழ்விலும், முதற்கேள்வி அடிபட்டவரைப் பற்றியதாகவே இருந்தது.

யாருடைய இழப்பு, யாருக்குப் பாடம்?

நம் வாதத்தின் நெஞ்சம் இங்கேதான் உள்ளது. ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பணிப்பெண்ணின் கையிலிருந்து பீங்கான் தட்டு நழுவி உடைகிறது. வீட்டுத் தலைவிக்குச் சினம் பொங்குகிறது, அடக்கிக்கொள்கிறார். மாலைச் செபக்கூட்டத்தில், பொருட்களின் மீதுள்ள பற்றை விடும்படி இறைவன் தட்டின் வழியாகத் தமக்குக் கற்பித்ததாகப் பகிர்ந்துகொள்கிறார். எல்லாரும் உருகுகிறார்கள். மாத முடிவில் தட்டின் விலை பணிப்பெண்ணின் கூலியில் கழிக்கப்படுகிறது. அப்படியானால், பற்றை விட்டவர் யார்? பாடம் ஒருவருக்கு, கட்டணம் இன்னொருவருக்கு. சில்லுகளைப் பொறுக்கியபோது அப்பெண்ணின் விரல் கிழிந்ததா என்பதைப் பார்க்க அந்தச் சாட்சியில் இடமே இருக்கவில்லை.

இது மிகைப்படுத்தலென்று தோன்றினால், நாம் வழக்கமாகக் கேட்கும் சாட்சிகளை எண்ணிப் பார்ப்போம். அவற்றில் பேசுபவர் பெரும்பாலும் இழப்பைத் தாங்கக் கூடியவர். மழையில் நனைந்தவர் மாற்றுடை உள்ளவர். பணப்பையைத் தொலைத்தவர் வங்கிக் கணக்கு உள்ளவர். கூரை ஒழுகும் வீட்டில், நனைந்துபோன அரிசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது சிறு இடராகவே தோன்றாது. எது சிறிது, எது பெரிது என்பதை நம் வசதியே தீர்மானிக்கிறது. எலிசாவின் காலத்து அரண்மனையில் கோடரி ஒன்று தொலைந்திருந்தால் யாரும் அலறியிருக்கமாட்டார்கள்.

இனிமையான இச்சிறு பாடங்களால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்பவர்களும் உளர். சிறியதில் பழகிய நாவே பெரியதிலும் பேசும் என்பதுதான் தீங்கு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபோது, கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அடுத்த நாட்களிலேயே, பேராலயத்துள் கடல்நீர் புகவில்லை என்னும் செய்தி வியப்போடு பேசப்பட்டது. உள்ளே இருந்து உயிர் பிழைத்தவர்கள் அன்னையைப் புகழ்ந்தது இயல்பானதே. ஆனால் கடலோரத்தில் தம் குழந்தையை இழந்து நின்றவரிடம் அந்த வியப்பைப் பாடமாக எடுத்துச் சென்ற நாக்குகளும் இருந்தன. பேருந்து தவறிய கதையில் பயிற்சி பெற்ற நாக்குகள் அவை. அலையில் மாண்டவர்களும் அன்னையைத் தேடி வந்த பிள்ளைகளே என்பதை அவை மறந்தன.

யோபுவின் நண்பர்களான எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் தொடக்கத்தில் நல்லவர்களாகவே நடந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் வாய் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அந்த மௌனத்தில் அவர்கள் மீது குற்றமில்லை. பொருள் கூறத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். கடவுளுக்காக வழக்காடுவதாய் எண்ணியே அவர்கள் பேசினார்கள். ஆயினும் நூலின் இறுதியில், தம்மைக் குறித்து அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே சினந்துகொள்கிறார்.

சிறுமலர் காட்டும் பள்ளி

அப்படியானால் அன்றாட இடர்களில் நமக்குப் பாடமே இல்லையா? உண்டு. அதைக் கற்ற ஒருவரை 1997இல் திருச்சபை மறைவல்லுநராகவே அறிவித்தது. பிரான்சு நாட்டில் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் 1888இல் நுழைந்து, 1897இல் 24ஆம் வயதில் இறந்த குழந்தை தெரேசம்மாளின் வரலாற்றில் பெருநிகழ்ச்சிகள் இல்லை. இருப்பவையெல்லாம் சிறு இடர்களே. துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை முகத்தில் தெறிக்க விடுகிறார். செப வேளையில் பின்னாலிருந்து ஒரு சகோதரி எழுப்பும் ஓயாத சிற்றொலி பொறுமையைச் சோதிக்கிறது. அழகிய குவளையை யாரோ எடுத்துக்கொண்டு, விளிம்பு உடைந்த ஒன்றை வைத்துவிடுகிறார்கள். அறையின் விளக்கு தவறுதலாய் வேறொருவரால் எடுத்துச் செல்லப்பட, மாலை முழுவதும் இருட்டில் கழிகிறது. வேறு யாரோ வைத்துச் சென்ற ஒரு சிறு சாடி உடைந்ததற்காக இவர் கண்டிக்கப்படுகிறார்.

இவற்றில் அவர் தமது எதிர்காலத்திற்கான குறிப்பைத் தேடவில்லை. தாம் தேர்ந்துகொள்ளப்பட்டவர் என்பதற்கான சான்றையும் தேடவில்லை. தண்ணீரைத் தெறித்த சகோதரியை எப்படி முகம் சுளிக்காமல் நேசிப்பது என்பதே அவருக்கிருந்த கேள்வி. நினைவில் நிறுத்த வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்தச் சிலுவைகளை அவர் தாமே ஏற்றார். மற்றவர் தோளில் ஏற்றிவிட்டு அதன் பயனை விளக்கவில்லை. தன் முகத்தில் தெறித்த நீரைப் பொறுத்துக்கொள்வது புண்ணியம். பிறர் முகத்தில் தெறித்த நீரைப் பார்த்து, பொறுத்துக்கொள் என்று போதிப்பதைப் புண்ணியம் என்று அழைக்க நாம் ஒப்பமாட்டோம்.

அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர், பாரிஸ் நகரக் கார்மேல் மடத்துச் சமையலறையில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் பணியாற்றினார். துறவுக்கு முன் ஒரு செல்வரிடம் ஏவலாளாக இருந்தவர். எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் கைவாகற்றவர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டவர். தம் தடுமாற்றங்களுக்கெல்லாம் மடத்தில் தக்க தண்டனை கிடைக்கும் என்று எண்ணியே அவர் உள்ளே வந்தாராம், கிடைத்ததோ மனநிறைவு. தவறு நேர்ந்தால் இறைவனிடம் ஒப்புக்கொண்டு, அதையே எண்ணி மாய்ந்துபோகாமல், அடுத்த வேலைக்குத் திரும்பினார். அடுப்படிச் சந்தடியிலும் அவர் இறைவன் முன்னிலையில் வாழ்ந்தார். உடைந்த பாத்திரங்கள் அவருக்குச் செய்தி அனுப்பவில்லை. அவற்றின் நடுவே ஆண்டவர் அவரோடு இருந்தார்.

இறுதியாக

இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் முறிந்து கிடந்தார். அவருடைய மனமாற்றம் அங்கிருந்து தொடங்கியது என்று நாம் சொல்கிறோம். ஆயினும் அவர் குண்டை ஆராய்ந்து ஞானியாகவில்லை. நோய்ப்படுக்கையில், எந்த எண்ணம் தம்மை வறண்டவராய் விட்டுச் செல்கிறது, எது நிலைத்த மகிழ்வைத் தருகிறது என்று தம் உள்ளத்தையே கூர்ந்து கவனித்தார். பின்னாளில் அவர் கற்பித்த அன்றாட மனச்சான்று ஆய்வும் அதே முறையிலானது. நன்றி கூறுதல், ஒளி வேண்டுதல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான உறுதி ஆகியவற்றில், நிகழ்ந்தது எதைக் குறிக்கிறது என்னும் கேள்வி இல்லை. நிகழ்ந்தபோது நான் எப்படி நடந்தேன் என்னும் கேள்வி இருக்கிறது.

எனவே மறையுரை ஆற்றும் அருள்பணியாளர்களுக்கும், அன்பியங்களை வழிநடத்தும் பொதுநிலையினருக்கும் நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த முறை ஒரு சிறு விபத்தின் கதை உங்கள் நாவிற்கு வரும்போது, அதில் இழந்தவர் யார், அவருக்கு இழந்தது திரும்பக் கிடைத்ததா என்று முதலில் விசாரியுங்கள். அந்தக் கதையை அவர் முன்னிலையில், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். முடியுமெனில் தயங்காது சொல்லுங்கள். அது நற்செய்தியாகவே இருக்கும். முடியாதெனில் மேடையிலிருந்து இறங்கி அவர் வீட்டிற்குச் சென்று, எலிசா கேட்ட அந்தச் சிறு கேள்வியைக் கேளுங்கள். இரும்பு எங்கே விழுந்தது என்று அவர் காட்டுவார். கொம்பை வெட்டும் வேலை அங்கே நமக்குக் காத்திருக்கிறது.